காங்கோ வடிநிலத்தின் உயிர்த்திரள் வரைபடங்கள்: துல்லிய எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஒரு காட்டில் எத்தனை டன் மரம் நிற்கிறது என்பதை வானிலிருந்து நேரடியாக எடைபோடும் கருவி எதுவும் இல்லை. தரையில் நின்று அளப்பவர்களும் மரத்தை எடைபோடுவதில்லை. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி நாடா பிடித்து விட்டத்தைக் குறிக்கிறார்கள். மரவகையின் கட்டை அடர்த்தியையும், முடிந்தால் உயரத்தையும் சேர்த்து, ஒரு சமன்பாட்டின் வழியே எடையைக் கணிக்கிறார்கள். இப்படிக் கணித்த மாதிரித் திட்டுகளைச் செயற்கைக்கோள் படங்களோடு பொருத்தி, திட்டே இல்லாத இடங்களுக்கும் மதிப்புகளை நிரப்பினால் உயிர்த்திரள் வரைபடம் கிடைக்கிறது. அதன்மேல் இன்று பணமும் கொள்கையும் நிற்கத் தொடங்கிவிட்டன. காட்டழிவைக் குறைத்ததற்காக 2021இல் காபோன் நாடு நார்வேயின் நிதியிலிருந்து 1.7 கோடி டாலர் பெற்றது. ஆப்பிரிக்காவில் இத்தகைய பணம் பெற்ற முதல் நாடு அதுவே. மரங்களில் தேங்கிய கரிமத்துக்கு விலை வந்த பிறகு, வரைபடத்தின் பிழை ஆய்வாளரின் மேசையோடு நிற்பதில்லை. ஒரு நாட்டின் வரவு செலவுக் கணக்கிலும் ஏறிவிடுகிறது.

அதனால்தான் இத்தகைய வரைபடங்களோடு அச்சாகும் துல்லிய எண்ணைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மாதிரிகள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும் நிலப்பரப்பில், வழக்கமான முறையில் பெறப்படும் அந்த எண் மாதிரிகளின் நெருக்கத்தையே பெரிதும் அளக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். வரைபடம் எவ்வளவு சரி என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

முதலில் உணர்கருவியின் எல்லையைச் சொல்லியாக வேண்டும். இலைப்பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது. இலையின் உட்திசு அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. புல்வெளியையும் புதர்க்காட்டையும் இந்த வேறுபாட்டால் எளிதில் பிரித்துவிடலாம். ஆனால் மேல்விதானம் மூடிக்கொண்ட மழைக்காட்டில் குறிகை நிறைவடைந்துவிடுகிறது. ஹெக்டேருக்கு 200 டன் நிற்கும் காடும் 400 டன் நிற்கும் காடும் ஒளியியல் படத்தில் ஏறத்தாழ ஒரே பச்சைதான். படத்தில் வேறுபாடு இல்லாதபோது, கணிப்பு மாதிரி மழையளவு, வெப்பநிலை, நில உயரம், மண் போன்ற மாறிகளின் மேல் சாய்கிறது. இவை நிலத்தின்மேல் மெல்ல மெல்ல மாறுபவை. ஓர் இடத்தின் மழையையும் வெப்பத்தையும் உயரத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அந்த இடத்தின் முகவரியையே கொடுத்ததற்குச் சமம். இயந்திரக் கற்றல் அந்த முகவரியை மனப்பாடம் செய்துகொள்கிறது. காட்டைப் பற்றி அது கற்பது சொற்பம்.

இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது பியர் ப்ளோட்டனும் உடனாய்வாளர்களும் 2020இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு. மத்திய ஆப்பிரிக்காவின் மரவெட்டு உரிமப் பகுதிகளில் எடுத்த கணக்கெடுப்பு அவர்களுடைய தரவு: 1.18 கோடி மரங்கள். வெப்பமண்டலக் காட்டியலில் இவ்வளவு பெரிய தரைத்தரவு அரிதினும் அரிது. இதைக் கொண்டு ரேண்டம் ஃபாரஸ்ட் என்னும் கணிப்பு முறையைப் பயிற்றினார்கள். தரவைச் சீட்டுக் குலுக்குவதுபோலக் கலைத்து, ஒரு பகுதியை ஒதுக்கிவைத்துச் சோதிக்கும் வழக்கமான சரிபார்ப்பில், உயிர்த்திரளின் மாறுபாட்டில் பாதிக்கு மேல் விளக்கப்படுவதாக எண் வந்தது. பெரும்பாலான இதழ்கள் அந்த எண்ணை ஏற்று அச்சிட்டிருக்கும். அவர்கள் அங்கே நிற்கவில்லை. சோதனைத் திட்டுக்குப் பக்கத்திலுள்ள பயிற்சித் திட்டுகளை விலக்கிவிட்டு மறுபடி சோதித்தார்கள். அப்போது முன்கணிப்புத் திறன் அநேகமாகச் சுழியத்துக்கு இறங்கியது. தரவும் மாறவில்லை, நிரலும் மாறவில்லை. சோதனைப் புள்ளிக்கும் பயிற்சிப் புள்ளிக்கும் இடையிலான தொலைவுதான் மாறியது.

இது யாரும் அறியாத நோயன்று. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் அருகருகே எடுத்த கனிமாதிரிகள் ஒத்திருப்பதை வைத்து, எடுக்காத இடத்தின் தரத்தை மதிப்பிடும் வழியை டேனி கிரிகே 1951இலேயே வகுத்தார். பிரான்சின் ஜார்ஜ் மாத்தெரோன் அதற்குக் கணித அடித்தளம் இட்டு, கிரிகேயின் பெயரையே முறைக்குச் சூட்டினார். இந்த ஒத்திருப்பை, அதாவது இடஞ்சார் தன்னொட்டுறவை, அளக்கும் மோரன் குறியெண்ணுக்கு 1950ஆம் ஆண்டின் கட்டுரை மூலம். அருகிருப்பவை ஒத்திருக்கும் என்ற அறிவையே இடஞ்சார் புள்ளியியல் முதலாகக் கொண்டு வளர்ந்தது. அதே துறையின் பயன்பாட்டில் இந்த அறிவு சரிபார்ப்பு நிலையில் மட்டும் மறக்கப்படுகிறது என்பது வருத்தத்துக்குரியது.

மறதியின் விலை என்ன என்பதைச் சிறு கணக்கால் காட்டலாம். ஒரு கொத்தில் 1,000 திட்டுகள் இருப்பதாகவும், எந்த இரண்டு திட்டுகளுக்கும் இடையே ஒட்டுறவு வெறும் 0.1 என்றும் கொள்வோம். சராசரியை மதிப்பிட அந்த ஆயிரமும் தரும் தகவல், ஒன்றையொன்று சாராத 10 திட்டுகள் தருவதற்கு மேல் இல்லை. திட்டுகளை ஒரு லட்சமாகக் கூட்டினாலும் அந்தப் பத்தைத் தாண்ட முடியாது. உண்மைக் காட்டில் ஒட்டுறவு தொலைவோடு தேய்வதால் கணக்கு இவ்வளவு கடுமையாக இராது. ஆயினும் கோடி மரங்கள் என்ற சொல் தரும் தெம்பு எவ்வளவு பொய்யானது என்பது இதிலிருந்து புலப்படும்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. அதைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையாகாது. அலெக்சாண்டர் வாடூவும் உடனாய்வாளர்களும் 2021இல், இப்படிப் பக்கத்துத் திட்டுகளை விலக்கிச் சோதிக்கும் இடஞ்சார் குறுக்குச் சரிபார்ப்பு வரைபடத் துல்லியத்தை அளக்கச் சரியான வழியே அன்று என்று வாதிட்டனர். அமேசான் உயிர்த்திரள் வரைபடம் ஒன்றையே உண்மை எனக் கொண்டு அவர்கள் நடத்திய உருவகச் சோதனையில், கொத்துமாதிரிகளில் வழக்கமான முறை மிகையான நம்பிக்கை தந்தது; இடஞ்சார் முறை மிகையான அவநம்பிக்கை தந்தது. வரைபடத்தில் மாதிரிக்கு அருகிலுள்ள இடங்களும் உண்டல்லவா? அவற்றையெல்லாம் தள்ளிவிட்டுத் தொலைதூர இடங்களில் மட்டும் சோதித்தால், கிடைக்கும் எண் மொத்த வரைபடத்துக்கு உரியதாகாது. நிகழ்தகவு முறையில் தேர்ந்த மாதிரியும் அதற்கேற்ற மதிப்பீடுமே தீர்வு என்பது அவர்கள் முடிவு.

புள்ளியியல் கோட்பாட்டின்படி அவர்கள் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. ஆனால் காங்கோவின் உட்பகுதிக்குச் சாலை இல்லை. மரவெட்டு நிறுவனங்கள் போன இடங்களில்தான் தரவு இருக்கிறது. நிகழ்தகவு மாதிரி இல்லாத இடத்தில் அதைக் கேட்பது மட்டும் போதாது. அங்கே ப்ளோட்டனின் சோதனை வேறொரு கேள்விக்கு விடை தருகிறது: மாதிரியிலிருந்து நெடுந்தொலைவில் இந்தக் கணிப்புக்கு ஏதாவது மதிப்பு உண்டா? வரைபடத்தை நம்பி முடிவெடுக்கப்போகிறவருக்கு அந்தத் தொலைவான காடுகளைப் பற்றித்தான் கவலை. எனவே இரண்டு தரப்பும் மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே எண்ணில் எல்லாவற்றையும் அடக்கிவிடலாம் என்ற பழக்கம்தான் இரு தரப்பாலும் அடிபடுகிறது.

காபோன் இங்கே முக்கியமான சான்று. அந்நாடு தன் பரப்பு முழுவதும் சிதறும்படி நூற்றுச் சொச்சம் ஒரு ஹெக்டேர் திட்டுகளைத் தேர்ந்து தேசியக் கணக்கெடுப்பு நடத்தியது. மரங்களின் எண்ணிக்கையில் அது 1.18 கோடிக்குப் பக்கத்திலும் வராது. நாட்டின் சராசரி உயிர்த்திரள் என்ன, அதன் பிழைவரம்பு என்ன என்ற கேள்விக்கு அதைத்தான் நான் நம்புவேன். அத்தகைய மாதிரி இல்லாத இடங்களுக்கு, ஹன்னா மேயரும் எட்சர் பெபெஸ்மாவும் 2021இல் முன்வைத்த வழி உண்டு. பயிற்சித் தரவின் சூழலிலிருந்து ஓர் இடம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணித்து, எல்லை மீறிய இடங்களைக் கணிப்பு செல்லாத பகுதி என வரைபடத்திலேயே குறித்துவிடுவது. அழகான, இடைவெளியற்ற வண்ண வரைபடத்தில் சாம்பல் நிறத் திட்டுகள் விழும். அவற்றைக் காட்ட மறுக்கும் கட்டுரையை இதழ்கள் ஏற்கக் கூடாது.

புதிய கருவிகள் வந்தால் இந்தச் சிக்கல் தீருமா? ஓரளவு தீரும். 2018இல் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற ஜெடி என்னும் லேசர் அளவீட்டுக் கருவி (லைடார்) விதானத்தின் உயரத்தை அளக்கிறது. 2025 ஏப்ரலில் ஐரோப்பா ஏவிய பயோமாஸ் செயற்கைக்கோளின் ரேடார் அலை ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளம். அது இலைகளை ஊடுருவி அடிமரம் வரை போகும். அதே ஆண்டு ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட நிசார் ரேடார் செயற்கைக்கோள், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. நிறைவடையும் குறிகை என்ற தடையை இவை தள்ளிப்போடும். கட்டை அடர்த்தியை மட்டும் எந்த அலையும் நேரடியாகச் சொல்லாது. அமேசானில் எட்வர்ட் மிச்சர்டின் குழு 2014இல் கண்டது இதைத்தான்: புகழ்பெற்ற இரண்டு செயற்கைக்கோள் வரைபடங்கள், வடகிழக்கின் கனத்த காடுகளிலிருந்து தென்மேற்கின் இலேசான காடுகள் வரை தரைத்திட்டுகள் காட்டிய படிப்படியான இறக்கத்தைத் தவறவிட்டிருந்தன. காரணங்களில் கட்டை அடர்த்தியும் ஒன்று.

காங்கோவின் நடுத்தாழ்நிலத்தில், முழுதும் மக்காத தாவரங்கள் படிந்த கரிச்சேற்று நிலம் இருப்பதை உறுதிசெய்த விதம், படத்தையே முடிவாகக் கொள்ளும் போக்குக்கு நேர்மாறான முன்மாதிரி. கிரேட்டா டார்கியும் சைமன் லூயிசும் அடங்கிய குழு செயற்கைக்கோள் படங்களிலிருந்து நீர் தேங்கும் காடுகளை ஊகித்தது. பிறகு சதுப்புக்குள் நடந்துபோய் மண்ணில் துளையிட்டு ஆழத்தை அளந்தது. 2017இல் அவர்கள் அறிவித்த பரப்பு ஏறத்தாழ 1,45,500 சதுர கிலோமீட்டர். அதில் புதைந்த கரிமம் ஏறத்தாழ 3,000 கோடி டன். 2022இல் மேலும் பல இடங்களில் அளந்து வரைபடத்தைத் திருத்தியபோது பரப்பு 1,67,600 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது. அங்கே படம் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. முடிவைத் துளைக்கருவி சொன்னது. உயிர்த்திரள் ஆய்வுக்கு நிதி தருவோர் செயற்கைக்கோளுக்கு ஒதுக்குவதில் சிறு பங்கையாவது, இதுவரை யாரும் நாடா பிடிக்காத காடுகளில் சமவாய்ப்பு முறையில் திட்டுகள் அமைக்கவும், அவற்றை ஆண்டுதோறும் அளக்கும் உள்ளூர்த் தாவரவியலாளர்களுக்கு நிலையான ஊதியம் தரவும் ஒதுக்க வேண்டும்.