சப்பாத்துத் துணிக்குள் ரப்பர்ப் பால்

பழைய கித்தான் சப்பாத்து ஒன்று வீட்டில் கிழிந்து கிடந்தால், அதன் மேல்துணியைக் கத்தரித்து, வெட்டிய ஓரத்தை உற்றுப் பாருங்கள். ஒரே துணி போலத் தோன்றியது பெரும்பாலும் இரண்டு துணியாக இருக்கும். வெளியே முரட்டுக் கித்தான். உள்ளே காலை உறுத்தாத மெல்லிய துணி. நகத்தால் அவற்றைப் பிரித்தால் நடுவே ஒரு சவ்வு நூல் நூலாக இழுபடும். பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது இன்னதென்று சொல்ல வேண்டியதில்லை. மரத்து வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரிக்கும்போது கையில் இழுபடுகிறதே, அதே பொருள்தான்.

ஒட்டுவது அந்தப் பாலின் பிறவிக் குணம். ஆனாலும் அது தொழிற்சாலைக்கு ஏற்ற நல்ல பசையாக மாறுவதற்கு 100 ஆண்டுகள் பிடித்தன. ஏன் அத்தனை காலம்? அதற்குள் யார் யார் என்ன விலை கொடுத்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காண்பதே இன்றைய நம் பேச்சின் நோக்கம்.

முதலில், துணியோடு துணியை ஏன் ஒட்ட வேண்டும் என்பதைப் பார்ப்போம். தனியாக ஒரே ஒரு தடித்த துணியில் சப்பாத்துத் தைத்தால் அது விறைப்பாக இருக்கும். மெல்லிய துணியில் தைத்தால் நாலு நாளில் கிழியும். இரண்டு துணியைச் சும்மா சேர்த்துத் தைத்தாலோ, உள்துணி சுருண்டு மடிந்து காலில் கொப்புளம் உண்டாக்கும். ஆகவே இரண்டையும் முழுப் பரப்பிலும் ஒட்ட வேண்டும். கஞ்சிப் பசையால் ஒட்டலாமே என்றால், அது நனைந்தால் விட்டுவிடும், பூஞ்சணமும் பிடிக்கும். தச்சர் பயன்படுத்தும் வச்சிரம் காய்ந்தால் கல்லாகிவிடும். நடக்கிறவன் கால் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை மடிகிறது. அத்தனை தடவையும் கூடவே மடிந்து, வெடிக்காமல் நிற்கும் பசை வேண்டும். வளைந்து கொடுக்கும் அந்தக் குணம் ரப்பரில் இருக்கிறது.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் ஐரோப்பியர் அல்லர். தென் அமெரிக்காவின் அமேசான் காட்டு மக்கள் மரத்திலிருந்து வடிந்த பாலை அப்படியே துணியில் பூசி, மழைக்கு நனையாத துணி செய்துகொண்டார்கள், காலணியும் செய்துகொண்டார்கள். பிரெஞ்சு அறிஞர் லா கொண்டமைன் 1736-ஆம் ஆண்டில் அங்கிருந்து ரப்பர் மாதிரிகளைப் பாரிசுக்கு அனுப்பி வைத்தார். ஐரோப்பிய அறிவுலகம் ரப்பரைக் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. காட்டு மக்கள் கையில் இருந்தது பால். கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது காய்ந்த கட்டி. மங்கில் இறங்கிய பால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும் என்பது நேயர்கள் நன்கு அறிந்த செய்தி. பல வாரக் கடல் பயணத்தை அது எப்படித் தாங்கும்? கட்டியாகிவிட்ட ரப்பரோ தண்ணீரில் கரையாது. அதை மறுபடியும் பூசக்கூடிய பதத்துக்குக் கொண்டுவர எதையாவது ஊற்றிக் கரைத்தாக வேண்டும். தொல்லை அங்கேதான் தொடங்கிற்று.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த சார்லஸ் மக்கிண்டோஷ் ஒரு வழி கண்டார். நிலக்கரியிலிருந்து விளக்கு எரிவாயு எடுத்தபின் மிஞ்சும் தாரிலிருந்து நாப்தா என்ற எண்ணெய் கிடைத்தது. அதில் ரப்பர் கரைந்தது. அந்தக் கரைசலைத் துணியில் பூசி, மேலே இன்னொரு துணியை வைத்து அழுத்தினார். ஒட்டும் பிசின் இரண்டு துணிகளுக்கும் நடுவே சிறைப்பட்டுவிட்டதால் வெளியே கையில் பிசுபிசுக்கவில்லை, தண்ணீரும் புகவில்லை. 1823-ஆம் ஆண்டில் அதற்கு அவர் காப்புரிமை பெற்றார். மழைக்கோட்டுக்கு இன்றும் ஆங்கிலத்தில் அவர் பெயரே வழங்குகிறது. சப்பாத்துத் துணிக்கும் மூலக் கருத்து அதுதான்.

கருத்து சிறந்ததாக இருந்தும் பொருள் சோதனையில் தேறவில்லை. குளிர்காலத்தில் துணி பலகை போல விறைத்தது. வெயில் காலத்தில் பிசின் இளகியது. நாற்றமும் அடித்தது. தையற்காரர் ஊசி குத்திய ஓட்டைகள் வழியே மழை புகுந்தது. இலண்டனில் தாமஸ் ஹான்காக் என்பவர் ரப்பரைப் பிசைந்து மென்மையாக்கும் இயந்திரம் ஒன்றை 1820-ஆம் ஆண்டில் அமைத்திருந்தார். பிசைந்த ரப்பர் எளிதில் கரைந்தது. பின்னாளில் அவர் மக்கிண்டோஷின் தொழிலில் கூட்டுச் சேர்ந்தார். ஆயினும் வெயிலை வெல்ல முடியவில்லை.

வெயிலை வென்றவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால் அது உருகாமல் உறுதிப்படுகிறது என்பதை அவர் 1839-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1844-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹான்காக்கும் இதே முறைக்கு உரிமை பெற்றுக்கொண்டார். ரப்பரின் நீண்ட இழைகளை ஆங்காங்கே கந்தகம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. அதனால் இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். உலகத்துக்கே பயன்பட்ட இந்த அறிவைக் கண்டுபிடித்த குட்இயர், 1860-இல் கடனாளியாகவே காலமானார்.

இதன் பிறகு கித்தானும் ரப்பரும் சேர்ந்த சப்பாத்து பரவிற்று. இங்கிலாந்தில் கடற்கரை மணலில் நடக்கப் பயன்பட்ட அவ்வகைச் சப்பாத்துக்கு, 1870-களில் ‘பிளிம்சோல்’ என்ற பெயர் ஏற்பட்டது. கப்பலின் பக்கத்தில் பாரத்தின் அளவைக் காட்டும் கோட்டுக்குப் பிளிம்சோல் கோடு என்று பெயர். சப்பாத்தின் அடியைச் சுற்றி ஓடிய ரப்பர்ப் பட்டையும் பார்வைக்கு அந்தக் கோடு போலவே இருந்தது. அமெரிக்காவில் 1916-ஆம் ஆண்டு முதல் ‘கெட்ஸ்’ என்ற சப்பாத்து விற்பனைக்கு வந்தது. பணக்காரர் தோல் அணிந்தனர். எளியவர் பிள்ளைகளுக்குக் கித்தான் கிடைத்தது.

இனி, விலை கொடுத்தவர்களைப் பற்றிப் பேச வேண்டும். மெல்லிய ரப்பரைச் சூடாக்காமலே பதப்படுத்தும் ஒரு முறையை அலெக்சாண்டர் பார்க்ஸ் என்ற ஆங்கிலேயர் 1846-இல் கண்டுபிடித்தார். அதற்குத் தேவைப்பட்ட கரைப்பான் கார்பன் டைசல்பைடு. அதன் ஆவியை நாள் முழுதும் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தலைவலியும் கைகால் தளர்ச்சியும் கண்டன, நினைவு தடுமாறியது, சிலருக்குச் சித்தம் கலங்கியது. பாரிசு நகர மருத்துவர் அகுஸ்த் டெல்பெக் 1856-ஆம் ஆண்டில் இதனை எழுதி வெளிப்படுத்தினார்.

அதோடு முடியவில்லை. 20-ஆம் நூற்றாண்டில், விரைவில் உலர்கிறது என்பதற்காகச் சப்பாத்துப் பசையில் பென்சீன் கலந்தார்கள். பென்சீன் எலும்பு மஞ்சையைத் தாக்கி, இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. சப்பாத்துத் தொழிலாளர்கள் பலர் நோயுற்றதைக் கண்ட இத்தாலி, 1963-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி அதைப் பசையிலிருந்து விலக்கியது. துருக்கியின் இஸ்தான்புல் நகரில், காற்றோட்டமில்லாத சிறு பட்டறைகளில் வேலை செய்தவர்களிடம் அதே நோய் காணப்பட்டதை மருத்துவர் முசாபர் அக்சோய் 1974-இல் வெளியிட்டார். பசையை நாற்றத்துடன் கலக்கியவர், பூசியவர், ஒட்டியவர் ஆகியோரின் பெயர்கள் எந்தக் காப்புரிமைப் பத்திரத்திலும் இல்லை.

இத்தனை துன்பத்துக்கும் காரணம், கட்டியைக் கரைக்க வேண்டியிருந்ததுதான். பால் பாலாகவே வந்து சேர்ந்தால் கரைக்கும் எண்ணெய் எதற்கு?

விடை நம் மண்ணிலிருந்து சென்றது. 1876-ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளில் 22, 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பது பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. மரத்தைச் சாகவிடாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் வெட்டு முறையை, சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி 1890-களில் வகுத்தார். காடு அழிந்து தோட்டமாயிற்று. ஒப்பந்த முறையிலும் கங்காணி முறையிலும் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர், பெரட்டுக் களத்தில் விடியுமுன் நின்று, நிரை பிடித்துப் பால் வெட்டினார்கள். 1910-இல் ஒப்பந்த முறை நிறுத்தப்பட்ட பின்னும் கங்காணி முறை நீடித்தது.

பாலை உறையச் செய்யப் பார்மிக் ஆசிட் ஊற்றுவது தோட்டத்தார் அறிந்தது. உறையாமல் காக்க அதற்கு நேர்மாறான பொருளாகிய அமோனியாவைச் சில துளி விடுவதும் அவர்கள் அறிந்ததே. பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். அது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துளியும் ஒரே வகை மின்னேற்றம் உடையதால் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். கிருமிகள் பெருகிப் பால் புளித்தால் அந்த விலக்கம் கெட்டுத் துளிகள் ஒன்றாகித் திரளும். அமோனியா கிருமிகளை அடக்கிப் புளிப்பையும் தடுத்துவிடுகிறது. 1920-களில் சுழல் இயந்திரத்தில் தண்ணீரைப் பிரித்து, ஏறத்தாழ 60 விழுக்காடு ரப்பர் உள்ள கெட்டிப்பாலாக்கும் முறையும் வந்தது. அதன்பின் பால், பாலாகவே கடல் கடந்தது.

தொழிற்சாலையில் அது பசையாகும் விதம் எளிது. கந்தகம் முதலியன கலந்த பாலை, உருளையில் ஓடும் கித்தான்மீது சீராகப் பூசுவார்கள். மேலே உள்துணி வந்து படியும். இரண்டும் உருளைகளுக்கிடையே அழுந்தி, நீராவியால் சூடேறிய பெரிய உருளையைச் சுற்றிச் செல்லும். தண்ணீர் ஆவியாக, ரப்பர்த் துளிகள் ஒன்றோடொன்று கலந்து சவ்வாகி, நூலிழைகளைப் பற்றிக்கொள்ளும். பால் மிகுந்தால் துணியை ஊடுருவி மேலே கறையாகும், விறைக்கும். குறைந்தால் துணி பிரிந்துவிடும். அளவறிந்து பூசுவதே கைத்திறன். கரைப்பான் எண்ணெய் இல்லை. தீப்பற்றும் அச்சமும் குறைவு. வெளியேறுவது பெரும்பாலும் தண்ணீர். அமோனியாவின் காரநெடி உண்டாதலால் காற்றோட்டம் மட்டும் வேண்டும். அமேசான் காட்டு மக்கள் செய்ததை, நெடுந்தூரம் சுற்றி வந்து, தொழிற்சாலை மீண்டும் செய்தது என்று சொல்லலாம்.

சப்பாத்து செய்யும் தொழிலும் இங்கே வேரூன்றிற்று. தான் கா கீ அவர்களின் சிங்கப்பூர் ஆலை 1920-களில் ரப்பர்ச் சப்பாத்துகள் செய்தது. உலகப் பொருளாதார மந்தத்துக்குப் பின் 1934-இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. 1930-களில் கிள்ளானில் பாட்டா தொழிற்சாலை எழுந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், வெள்ளை மாவு பூசிக் காயவைத்த கித்தான் சப்பாத்துடன் பள்ளி சென்ற காலம் நீண்டது. பெற்றோர் வெட்டிய பால் பிள்ளையின் காலைக் காத்தது. ஆனால் அந்தச் சப்பாத்தை வாங்கப் பல வீடுகளில் சம்பள நாள் வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. சப்பாத்துத் தொழிலிலும் நியோபிரீன், பாலியூரித்தேன் போன்ற செயற்கைப் பசைகள் இடம் பிடித்துவிட்டன. அவற்றுள் சில தண்ணீரில் கலந்தவை. சில இன்னும் கரைப்பானில் கலந்தவை. ஆகவே வீட்டில் சப்பாத்து ஒட்டுகிறவர்கள் சன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கு அப்பால் அமர்ந்து ஒட்டுங்கள். குழந்தைகளை அண்டவிடாதீர்கள். தொழிற்சாலையில் பசை பூசும் வேலைக்குப் போகும் பிள்ளைகள், டின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கட்டும். காற்றாடி வேண்டும், கையுறை வேண்டும் என்று கேட்கட்டும். அது சலுகை அன்று, உரிமை.

ஒரு தொழிலின் வரலாற்றில் கண்டுபிடித்தவர் பெயர் நிற்கிறது. அதனைச் சுமந்தவர் பெயர் நிற்பதில்லை. குட்இயரை உலகம் அறியும். அமேசானில் முதன்முதல் துணியில் பால் பூசியவரையும், பாரிசில் நினைவிழந்த தொழிலாளியையும், விடியற்காலை இருட்டில் மங்கைத் துடைத்து வைத்த நம் பாட்டியையும் அறியாது. அவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த வரலாறு முழுமை பெறும். நம் பிள்ளைகளுக்கு நாம் அதை முழுமையாகவே சொல்வோம்.