எந்த வீட்டுக்குள்ளும் நுழையக்கூடியவர்

மலையாளத்தின் முதல் சிறுகதை என்று சொல்லப்படும் ‘வாசனாவிக்ருதி’யில் குற்றவாளி மாட்டிக்கொள்வது சென்னைக் குஜிலித் தெருவில். வேங்கயில் குஞ்ஞிராமன் நாயனார் எழுதி, 1891-இல் ‘வித்யாவிநோதினி’ இதழில் வந்த கதை. கதை சொல்பவனே திருடன். பெயர் இக்கண்டக் குறுப்பு. கொச்சிச் சீமையில் கைவரிசை காட்டிவிட்டு மதராஸுக்கு வந்து சேர்கிறான். வந்த இடத்தில் சும்மா இருக்கக் கூடாதா? குஜிலித் தெருவில் ஒருவன் பைக்குள் கை விட, விரலில் கிடந்த திருட்டு மோதிரம் அதற்குள்ளேயே நழுவிவிடுகிறது. மோதிரத்தைக் காணோம் என்று அவனே போலீஸிடம் போய் முறையிடுகிறான். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே 1891 ஜூலையில்தான் லண்டனில் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகை ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகளை வெளியிடத் தொடங்கியது. நாயனாருக்கு ஹோம்ஸ் தேவைப்படவில்லை. சைதாப்பேட்டை விவசாயக் கல்லூரியில் படித்தவர் அவர். மதராஸ் தெருக்கள் தெரிந்தவர். குஜிலியும் லேசுப்பட்ட இடம் இல்லை. திருட்டுச் சாமான் கைமாறும் சந்தை என்று பெயர் எடுத்தது. கொலைச் சிந்தும் தூக்குமேடைப் பாட்டும் மலிவுக் காகிதத்தில் அச்சாகி விற்றதும் அங்கேதான். துப்பறியும் நாவல் வருவதற்கு முன்பே குற்றக் கதைக்கு வாசகர்கள் தயாராக இருந்தார்கள் என்பதற்கு அந்தச் சிந்துகளே சாட்சி.

மூன்று வருஷம் கழித்து, 1894-இல், பண்டித நடேச சாஸ்திரி தானவன் என்ற போலீஸ் நிபுணனின் கதையை எழுதினார். நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்த அதே சாஸ்திரிதான். தமிழில் துப்பறியும் கதையின் தொடக்கம் அது. மலையாளத்தில் ராமவர்மா அப்பன் தம்புரான் ‘ரசிகரஞ்சினி’யில் ‘ஒரு துர்மரணம்’ என்ற தொடரை எழுத, அது 1905-இல் ‘பாஸ்கரமேனோன்’ என்ற நாவலாக வெளிவந்தது. மலையாளத்தின் முதல் துப்பறியும் நாவல் அதுதான். பாஸ்கரமேனோன் போலீஸ் இன்ஸ்பெக்டர். தானவனும் போலீஸ். குறுப்பைப் பிடித்ததும் போலீஸ்.

இங்கேதான் நம் கதை இங்கிலாந்துக் கதையிலிருந்து பிரிகிறது. இங்கிலாந்துக்காரர்களுக்கு மிகவும் பிடித்த கொலைக் கதையில் ரத்தம் தெறிக்காது. சின்ன கிராமம், ஒரு மாதா கோயில், ஒரு பெரிய வீடு, எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். துப்பறிவது யாரோ ஒரு வயதான அம்மாள். 1930-இல் வந்த ‘தி மர்டர் அட் தி விக்கரேஜ்’ நாவலில் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் செய்வது அதைத்தான்: தோட்டத்தில் செடிகளைப் பார்த்தபடியே தெருவையும் பார்க்கிறார், யார் வீட்டுக்கும் தேநீருக்குப் போகிறார், கொலைகாரனோடு திரும்புகிறார். வாசகருக்கு அதில் ஒரு சுகம். ஊர் கலைகிறது, கடைசி அத்தியாயத்தில் பழையபடி ஒழுங்காகிவிடுகிறது. நடுவில் யாரும் பெரிதாக அழுவதுகூட இல்லை.

அந்த அம்மாளை 1905-இல் பாலக்காட்டுப் பக்கம் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். கல்பாத்தி அக்ரஹாரத்தில் ஒரு சாவு என்று வைத்துக்கொள்வோம். அக்ரஹாரத்துப் பாட்டிக்குத் தெரு முழுக்க அத்துப்படிதான். ஆனால் நாயர் தரவாட்டின் உள்ளறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவளால் போய்க் கேட்க முடியாது. தரவாட்டு அம்மாவுக்கு ஈழவர் குடிசையில் வேலை இல்லை. குடிசைக்காரருக்கோ இந்த இரண்டு தெருவிலும் கால் வைக்கவே அனுமதி இல்லை. யார் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த ஊர். போதாக்குறைக்கு ஆட்சி எல்லைகள் வேறு: பாலக்காடு மதராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லா, பக்கத்துச் சித்தூர் கொச்சி ராஜ்யம், தெற்கே மலைமேல் தேவிகுளம் திருவிதாங்கூர். இத்தனை வாசலையும் தாண்டி உள்ளே போய்க் கேள்வி கேட்க, சர்க்கார் உத்தியோகம் உள்ளவனால்தான் முடியும். ஆகவே நம் துப்பறிவாளர் போலீஸாகப் பிறந்தார். ஆசிரியர்களுக்குக் கற்பனை குறைவு என்பதல்ல காரணம், ஊர் அப்படி.

போலீஸை விட்டால் எல்லா வாசலும் திறக்கும் இன்னொரு ஆள் உண்டு: சாமியார். இதைச் சரியாகப் பிடித்தவர் நாவலாசிரியர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். அரசாங்க வேலையை விட்டுவிட்டு எழுத வந்து, ‘மனோரஞ்சினி’ என்ற சொந்தப் பத்திரிகையே நடத்திய மனிதர். இன்னொரு நாவல்காரரான ஆரணி குப்புசாமி முதலியாரைப் போல அவரும் ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கிலக் கதைக்காரர்களிடம் தாராளமாக எடுத்துக்கொண்டார். ஆனால் அவருடைய துப்பறிவாளர் திகம்பர சாமியார் எந்த லண்டன் தெருவிலும் கிடைக்கமாட்டார். 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அந்தச் சாமியார் கதையைப் படமாக எடுத்தபோது எம்.என். நம்பியார் பதினோரு வேஷத்தில் வந்தார். எல்லிஸ் பீட்டர்ஸ் 1977-இல் பன்னிரண்டாம் நூற்றாண்டு மடத்துத் துறவி காட்ஃபேலைத் துப்பறியவைத்து, சரித்திரத் துப்பறியும் நாவலுக்குப் பெரிய கூட்டம் சேர்த்தார். துறவிக்கு எந்த வாசலும் தடையில்லை என்ற சூட்சுமம் வடுவூராருக்கு எத்தனையோ வருஷம் முன்பே தெரிந்திருக்கிறது. அவருக்கு அந்தப் பெருமையை யாரும் கொடுப்பதில்லை.

ரத்தம் தெறிக்காத கதை தமிழில் வரவே இல்லையா? வந்தது. 1942-இல் ஆனந்த விகடனில் தேவன் உண்டாக்கிய துப்பறியும் சாம்பு. மாம்பலம் போன்ற புது பேட்டைகளில் குமாஸ்தாக்களும் வக்கீல்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியேறி, ஒருவர் வீட்டுக் காப்பி இன்னொருவர் வீட்டுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அப்படி ஒரு கதை சாத்தியமாயிற்று. சாம்பு ஒன்றும் கண்டுபிடிப்பதில்லை, தடுக்கி விழுகிறார், திருடன் அகப்படுகிறான். மிஸ் மார்ப்பிளுக்கு இணையாக ஒரு அசட்டை நிறுத்தியது தேவனின் குறும்பு.

இனி தேவிகுளம் மலைக்கு வருவோம். மலையாளத்தில் துப்பறியும் நாவலை வீடுதோறும் கொண்டுபோனவர் கோட்டயம் புஷ்பநாத். பள்ளி ஆசிரியர், தேவிகுளம், கல்லார்குட்டி என்று இடுக்கி மலைப் பள்ளிகளிலும் பாடம் நடத்தியவர். 1968-இல் மனோரமா வாரப்பதிப்பில் ‘சுவன்ன மனுஷ்யன்’ தொடங்கி முன்னூறு நாவல்களுக்கு மேல் எழுதினார், தமிழிலும் வந்தன. அவருடைய டிடெக்டிவ் மார்க்ஸின் வெளிநாடுகளில் அலைகிறார், கார்பேத்தியன் மலையில் டிராகுலாவின் நிழல் விழுகிறது. அந்த ஊர்களையெல்லாம் நேரில் பார்க்காமலே, புத்தகங்களையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு எழுதினார் என்பார்கள். 2018-இல் காலமானார்.

எனக்கு அவர்மேல் ஒரு செல்லக் கோபம் உண்டு. அவர் பாடம் நடத்திய மலையிலேயே கிறிஸ்டி கேட்டிருக்கக்கூடிய அத்தனையும் இருந்தது. மூணாறில் துரைமார் பங்களா, ஹை ரேஞ்ச் கிளப், மூடுபனி. 1894-இல் காலராவில் இறந்த எலினார் இசபெல் மே என்ற இளம்பெண்ணின் கல்லறை முதலில் வந்து, அதன் பிறகே கிறைஸ்ட் சர்ச் எழும்பிய குன்று. 1924 ஜூலைப் பெருமழையில் ரோடு போய், குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் அடித்துக்கொண்டு போய், மலை வெளியுலகத்தோடு துண்டித்துப் போனது. வெளியே போகவும் முடியாது, உள்ளே வரவும் முடியாது. கொலைக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

எல்லா வாசலும் தெரிந்த ஆளும் அங்கே உண்டு. பங்களாச் சமையல்காரர், துரைசாணியின் ஆயா, தேயிலைத் தொழிலாளர் லயத்தில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குடியிருந்த திருநெல்வேலி, மதுரைச் சீமைக் குடும்பங்கள். கிளப்பில் பேசியது சாயங்காலத்துக்குள் லயத்துக்கு வந்துவிடும்; லயத்தில் பேசியது கிளப்புக்குப் போகாது. இங்கே துப்பறிய போலீஸும் வேண்டாம், சாமியாரும் வேண்டாம்.

இப்போது சரித்திரத் துப்பறியும் நாவல் இந்தியாவுக்கே வந்துவிட்டது. சுஜாதா மாஸி 1921 பம்பாயை எழுதுகிறார், ஹரிணி நாகேந்திரா அதே காலத்து பெங்களூரை. இரண்டும் ஆங்கிலத்தில். மூணாறு இன்னும் பாக்கி இருக்கிறது. கொழுந்து பறித்த பாட்டியின் பேத்தியோ பேரனோ இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: 1924 ஜூலையில், கங்காணி மஸ்டரில் பெயர் கூப்பிடும்போது ஒரு ஆள் குறைவதிலிருந்து தொடங்குங்கள். தமிழில் எழுதுங்கள். துப்பறிவது ஆயாவாக இருக்கட்டும்.