தராசு கூறிய விடை



பாடசாலைகளில் மாணாக்கரின் உயரத்தையும் நிறையையும் ஏன் அளக்கின்றனர்? பிரித்தானியாவில் இவ்வழக்கம் பரவுதற்கு ஒரு போர் காரணமாயிற்று.

1899 முதல் 1902 வரை நடந்த தென்னாபிரிக்கப் போரின்போது படையிற் சேர முன்வந்த இளைஞருட் பலர், உடல்வலு போதாமையால் விலக்கப்பட்டனர். இதனால் எழுந்த கவலையை ஆராய்ந்த அரசாங்கக் குழு 1904 இல் அறிக்கை வெளியிட்டது. பாடசாலைகளில் தேகப்பயிற்சி பெருக வேண்டும் என்னும் குரல் அக்காலத்தில் ஓங்கி ஒலித்தது. ஆனால், பசித்த பிள்ளைக்குப் பயிற்சி மட்டும் வலுவூட்டுமா?

வறிய மாணாக்கருக்கு உணவளிக்க உள்ளூராட்சி மன்றங்களுக்கு 1906 ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. மறு ஆண்டிலேயே, கம்பளித் தொழில் நகரமாகிய பிராட்போர்டில் டாக்டர் ரால்ஃப் கிரௌலி என்பார் ஒரு சோதனை நடத்தினார். சுமார் 40 பிள்ளைகளுக்குப் பாடசாலை நாள்களிற் காலையுணவும் மதியவுணவும் வழங்கி, அவர்களுடைய நிறை தொடர்ந்து குறிக்கப்பட்டது. நிறை ஏறிற்று. இடையே விடுமுறை வந்தது, உணவு நின்றது, நிறையும் இறங்கிற்று. பாடசாலை திறந்தபின் மீண்டும் ஏறிற்று.

அவ்வாண்டிலேயே மாணாக்கருக்கு மருத்துவப் பரிசோதனை செய்வதும் சட்டமாயிற்று. 1909 இல் கல்விச் சபை புதிய தேகப்பயிற்சிப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. உணவு, பரிசோதனை, பயிற்சி என்னும் மூன்றும் இவ்வாறு ஒருங்கு சேர்ந்தன.

விளையாட்டுத் திடலிற் பின்தங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடியுமுன், ஆசிரியர் அவனது நிறைக் குறிப்பை ஒருமுறை நோக்குவாராக. அவன் உண்டு வந்தானா என்பதையும் அக்குறிப்பு உரைக்கக்கூடும்.