ஒரு பெயரும் மூன்று குறியீடுகளும்

திறந்திருக்கும் இணையப் பக்கத்தை மூடாமல், புதுப்பிக்காமல், வேறொரு பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் அதற்குள் வரவழைப்பது இன்று வெகு சாதாரணம். இதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரே வரிசையைச் சொல்வார்கள்: 1999 மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உடன் வந்த எக்ஸ்எம்எல்எச்டிடிபி என்ற கருவி, 2004இல் ஜிமெயில், 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் சூட்டிய ‘அஜாக்ஸ்’ என்ற பெயர், 2006இல் ஜான் ரெசிக்கின் ஜேக்வெரி. ஆங்கிலத்துக்கு இந்த வரிசை பொருந்தும். தமிழுக்குப் போதாது. தமிழ்ப் பக்கங்கள் தமக்குள் இப்படிக் கொடுத்து வாங்குவதற்கு வழி திறந்தது யூனிகோடுதான் என்பேன்.

திருச்செந்தூர் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். எழுத்து ஏழு. யூனிகோடில் ஒவ்வோர் எழுத்தும் அடிப்படை எழுத்து, அதன் குறி என இரண்டாகப் பிரிவதால் மொத்தம் 14 குறியெண்கள். யூடிஎஃப்-8 வடிவில் 42 பைட். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் அதே பெயர் 9 பைட்டில் முடிந்துவிடும். ‘ரு’, ‘தூ’ ஆகியவற்றுக்கும் புள்ளி வைத்த மெய்கள் மூன்றுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. ‘செ’யின் கொம்பு, கையால் எழுதும் வரிசைப்படியே, சகரத்துக்கு முன்னால் நிற்கும். பாமினி எழுத்துருவிலோ ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றியிருந்தார்கள். மெய்யின் புள்ளி அங்கே அரைப்புள்ளியாகச் சேமிக்கப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திருச்செந்தூரைத் திறந்தால், மூன்று அரைப்புள்ளிகள் ஊடே கிடக்கும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். செய்தித் தளங்களும் தத்தம் எழுத்துருவோடு இயங்கிய காலம் அது. கந்த சஷ்டிச் செய்தி இரண்டு தளங்களில் வந்திருந்தாலும் ‘திருச்செந்தூர்’ என்று ஒரே சொல்லைக் கொடுத்து இரண்டிலும் தேட முடியாது. அப்படியிருக்க, ஒன்றின் பத்தியை மற்றதற்குள் கொண்டுவந்து வைப்பது எப்படி? எந்த எழுத்துரு வேண்டும் என்ற குறிப்பு பெரும்பாலும் பக்கத்தின் வேறோர் இடத்தில் இருக்கும். வெட்டியெடுத்த பத்தி அது இல்லாமல் வந்து சேரும். சேவையகம் குறியீட்டின் பெயரைச் சொல்லாவிட்டால், எக்ஸ்எம்எல்எச்டிடிபியின் வழிவந்த எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் வந்த உரையை யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும். டிஸ்கி பைட்டுகள் அங்கே சிதைந்துபோகும்.

ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் ஐஃப்ரேம் 1997இல் எச்டிஎம்எல் 4.0 தரத்திலேயே இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, உள்ளே வரும் பக்கம் தன் எழுத்துருவையும் குறியீட்டையும் உடன் கொண்டுவந்ததால் தமிழும் ஒழுங்காகத் தெரிந்தது. ஆனால் வந்தது முழுப் பக்கம். வேற்றுத் தளத்துப் பக்கமென்றால் அதில் ஒரு பத்தியைத் தொட்டெடுக்கவும் உலாவி அனுமதிக்காது. ஒரே தளத்துக்குள், ஒரே எழுத்துருவில், டிஸ்கியை வைத்தே இதைச் செய்திருக்கலாமே என்ற கேள்விக்கு வலு அதிகம். செய்திருக்கலாம்தான். டிஸ்கிப் பக்கங்கள் தங்களை ‘எக்ஸ்-யூசர்-டிஃபைன்டு’ என்று அறிவித்துக்கொண்டன. மொசில்லாவின் எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்டிடம் அதே பெயரைச் சொல்லி உரையைச் சிதையாமல் வாங்கவும் வழி இருந்தது. ஆனால் அது ஒரு தளத்தின் சுவருக்குள் அடங்கிய வசதி. மோடம் காலத்தில் 42க்கு எதிரே 9 பைட் என்பது உண்மையான சிக்கனம் என்பதையும் மறுக்கவில்லை. டிஸ்கியை உருவாக்கியவர்கள் அன்றைய கணினியில் தமிழைக் காட்டப் பாடுபட்டவர்கள். குறை சொல்ல எனக்கு மனமில்லை.

யூனிகோடே வழி திறந்தது என்பதைக் கால வரிசையும் சொல்கிறது. 1999 பிப்ரவரியில் நடந்த சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளைத் தரமாக்கியது. மாநாட்டுக்கு அடுத்த மாதம் எக்ஸ்எம்எல்எச்டிடிபி வந்தது. கருவி வந்துவிட்டது, எழுத்து ஒன்றுபடவில்லை. யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தும், அரசு அதைத் தரமாக ஏற்றது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போதுதான். ஆகவே, நெல்லைச் சீமையின் கல்லூரிகளிலும் அச்சகங்களிலும் பாமினியிலோ வானவில் எழுத்துருவிலோ தட்டச்சிட்ட பழைய கோப்புகளை வைத்திருப்போர் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றிக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.