இழுவை வீட்டுக்கு மட்டம் பார்த்தல்

காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் சக்கர வீடு அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் என்றும் பிரிட்டனில் கேரவன் என்றும் அழைக்கப்படுகிறது. இதற்குச் சொந்த எஞ்சின் கிடையாது. தமிழில் இதை இழுவை வீடு எனலாம். இத்தகைய வண்டியை முகாமிடத்தில் கொண்டு நிறுத்தியதும், அடுப்பை மூட்டுவதற்கும் படுக்கையை விரிப்பதற்கும் முன்பாகச் செய்யப்படும் வேலை, வண்டியை இடவலமாகவும் முன்பின்னாகவும் மட்டத்துக்குக் கொண்டுவருவதாகும். நம் ஊர்க் கொத்தனார் சுவர் எழுப்பும்போது வைத்துப் பார்க்கும் அதே ரசமட்டம்தான் இங்கும் கருவி.

வண்டி சாய்ந்திருந்தால் தூக்கம் கெடும், மேசையில் தட்டு நழுவும் என்பதற்காகவே மட்டம் பார்க்கிறார்கள் என்று பலரும் எண்ணுகின்றனர். அந்தக் காரணங்கள் உண்மைதான். ஆனால் அவை மட்டுமே என்றால் ஏறக்குறைய மட்டமாக இருந்தாலே போதும். பாகைக் கணக்குப் பார்த்து, பலகை மாற்றி மாற்றி வைத்து, வண்டியை மட்டத்தில் நிறுத்தும் கண்டிப்பு வேறோர் இடத்திலிருந்து வந்தது. 1922இல் ஸ்டாக்ஹோமில் இரண்டு மாணவர்கள் உருவாக்கிய குளிர்பெட்டி ஒன்றே அதன் மூலம்.

குதிரை வண்டியிலிருந்து காருக்கு

இன்பப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட கேரவன்களில் புகழ்பெற்ற முன்னோடி ‘வாண்டரர்’. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த முன்னாள் கடற்படை மருத்துவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் 1885இல் பிரிஸ்டல் நகரில் அதைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்திலிருந்து இன்வெர்னஸ் வரை பயணம் செய்தார். அவ்வண்டியில் சாய்ந்து நின்றால் கெட்டுப்போகும் பொருள் ஏதும் இல்லை. விளக்கில் எண்ணெய் வழியாமல் இருந்தால் சரி.

முதல் உலகப் போருக்குப் பின் குதிரையின் இடத்தைக் கார் பிடித்தது. பிரிட்டனில் எக்கல்ஸ் நிறுவனம் 1919இல் காரால் இழுக்கப்படும் கேரவன்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தம்பா நகரில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற முகாம் பயணிகளின் சங்கம் உருவானது. டின்னில் அடைத்த உணவைத் தின்றுகொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் என்பதால் அந்தப் பெயர் என்பது ஒரு விளக்கம். 1930களில் ஆர்தர் ஷெர்மனின் ‘கவர்டு வேகன்’, வாலி பயாமின் ‘ஏர்ஸ்ட்ரீம்’ போன்ற தயாரிப்புகள் சந்தைக்கு வந்தன. பொருளாதார நெருக்கடிக் காலத்திலும் விற்ற பொருள்களுள் இழுவை வீடும் ஒன்று.

இந்த வண்டிகளில் உணவைக் குளிர்விக்க இருந்தது ஐஸ் பெட்டி. கடையில் வாங்கிய பனிக்கட்டியை மேல்தட்டில் வைத்தால் அது உருகி நீர் ஒரு குழாய் வழியாக வெளியேறும். வண்டி சற்றுச் சாய்ந்திருந்தாலும் பனிக்கட்டி தன் வேலையைச் செய்தது.

தரையைச் சீரமைத்தவர்

வண்டியை மட்டமாக நிறுத்த இரண்டு வழிகள் உள்ளன. வண்டியை உயர்த்தலாம், அல்லது தரையைச் சமன் செய்யலாம். இரண்டாவது வழியின் வரலாறு மரங்களிலிருந்து தொடங்குகிறது.

கார் வாங்கிய அமெரிக்கர்கள் 1920களில் காடுகளுக்குள் விரும்பிய இடத்தில் வண்டியை ஓட்டி, விரும்பிய மரத்தடியில் நிறுத்தினர். மட்டமான இடம் எங்கே தெரிகிறதோ அங்கே எல்லோரும் போனார்கள். பெரும்பாலும் அது பெருமரத்தின் அடிதான். எமிலியோ மைனெக்கே என்ற தாவர நோயியல் அறிஞர் கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளில் இதன் விளைவை ஆராய்ந்தார். (இங்கே செம்மரம் என்பது ரெட்வுட், ஆந்திரக் காடுகளின் செம்மரம் அல்ல.) சக்கரங்களும் கால்களும் மண்ணை இறுக்கிவிட, வேர்களுக்குக் காற்றும் நீரும் கிடைக்கவில்லை. நூற்றாண்டுகள் வாழ்ந்த மரங்கள் முகாமிடங்களில் நலிந்தன. நோய்க்கிருமியைத் தேடும் துறையைச் சேர்ந்தவர், நோய்க்குக் காரணம் சுற்றுலாப் பயணிதான் என்று கண்டார்.

1932இல் அவர் அமெரிக்க வனத்துறைக்காக முகாமிடக் கொள்கை ஒன்றை எழுதினார். ஒருவழிப் பாதை வளையமாகச் செல்ல வேண்டும். அதிலிருந்து சாய்கோணத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறு கிளைத்தடம் பிரிய வேண்டும். கார் அதில் மட்டுமே நிற்க வேண்டும். பாறைகளையும் மரத்துண்டுகளையும் இட்டு மற்ற இடங்களை அடைத்துவிட வேண்டும். மேசையும் அடுப்பும் நிலையாகப் பொருத்தப்பட வேண்டும். 1933 முதல் 1942 வரை இயங்கிய குடிமக்கள் பாதுகாப்புப் படை, வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு இந்த முறையில் ஏராளமான முகாமிடங்களை அமைத்தது. இன்றும் அமெரிக்கத் தேசியப் பூங்கா முகாமிடங்களில் காணப்படும் வளையப் பாதைகள் மைனெக்கேயின் சிந்தனையில் பிறந்தவை.

ஆனால் அவர் திட்டமிட்டது காருக்கும் கூடாரத்துக்கும். இழுவை வீட்டுக்கு நீண்ட தடம் வேண்டும். அந்த நீளம் முழுவதும் ஓரளவு மட்டமாகவும் இருக்க வேண்டும். மலைச்சரிவில் அப்படி ஒரு தடம் அமைக்க ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் மண் நிரப்ப வேண்டும். வேரைக் காப்பாற்ற வந்த திட்டத்துக்கு அது நேர் எதிர். மைனெக்கே 1935இல் இழுவை வீடுகளை ஓர் அபாயமாகவே கருதி எழுதினார். அவர் அச்சம் வீணல்ல. ஆயினும் மக்கள் வண்டிகளை வாங்கிக்கொண்டே இருந்தனர்.

இதன் தடயத்தைப் பழைய பூங்காக்களில் இன்றும் காணலாம். தடங்கள் குறுகியும் சரிந்தும் இருக்கும். புதிதாக அமைக்கப்பட்டவையும் முழு மட்டமாக இருப்பதில்லை. மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகச் சற்றுச் சரிவு விட்டே தளம் போடுவர். மரங்களைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டாத தனியார் முகாமிடங்கள் வேறு வழியில் சென்றன. 1962இல் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் தொடங்கிய கே.ஓ.ஏ. நிறுவனம் அவற்றுள் பெரியது. எனினும் சரளை பரப்பிய வரிசையில் நிற்பதைவிட மரத்தடியில் கோணலாக நிற்பதையே விரும்புவோர் இன்றும் பலர். அவர்களுக்குப் பலகைகள் தேவைப்படுகின்றன.

மோட்டார் இல்லாத குளிர்பெட்டி

ஸ்டாக்ஹோம் அரசு தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகியோர் 1922இல் வெப்பத்தைக் கொண்டே குளிரை உண்டாக்கும் பெட்டியை வடிவமைத்தனர். அம்மோனியாவை நீரில் கரைத்துக் குளிரூட்டும் முறை அதற்கு முன்பே இருந்தது. பிரான்சின் பெர்டினாண்ட் கார்ரே 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அதைச் செய்துகாட்டினார். மாணவர்கள் செய்த புதுமை, மூன்றாவதாக ஹைட்ரஜனைச் சேர்த்து பம்பையே நீக்கியது. எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் உரிமையை வாங்கி 1925இல் உற்பத்தியைத் தொடங்கியது. (அசையும் பாகமில்லாத குளிர்பெட்டிக்காக ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும்கூட அதே காலத்தில் முயன்றனர். அவர்கள் கண்டவை கடைக்கு வரவில்லை.) அமெரிக்காவில் சர்வெல் நிறுவனம் இவ்வகைப் பெட்டிகளைத் தயாரித்தது. மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளில் அவை எரிவாயுவிலோ மண்ணெண்ணெயிலோ ஓடின.

பெட்டியின் பின்புறக் குழாய்களுக்குள் நடப்பது இது. அடியில் சிறு சுடர் எரிகிறது. அம்மோனியா கலந்த நீர் கொதிக்கிறது. கொதிக்கும் கஞ்சியில் குமிழ்கள் கஞ்சியையும் சேர்த்து மேலே தூக்கிவருவது போல, அம்மோனியாக் குமிழ்கள் நீரை மெல்லிய குழாய் வழியே ஏற்றிவிடுகின்றன. உச்சியில் அம்மோனியா ஆவி குளிர்ந்து திரவமாகிறது. அது கீழே வழிந்து, ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் மறுபடி ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. பிறகு அந்த அம்மோனியாவை நீர் கரைத்துக்கொள்ள, கரைசல் தானாகச் சுடரிடம் திரும்புகிறது. சுடர் ஏற்றிவிடுகிறது, இறங்குவது முழுவதும் புவியீர்ப்பால் நடக்கிறது. குழாய்களின் சரிவு மிக மெல்லியது.

மின்கம்பி இல்லாத காட்டில் நிற்கும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான சாதனம் இருக்க முடியாது. சமையல் அடுப்புக்கு வைத்திருக்கும் எரிவாயு உருளையே குளிர்பெட்டிக்கும் போதும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இது படிப்படியாக ஐஸ் பெட்டியை இழுவை வீடுகளிலிருந்து வெளியேற்றியது. கூடவே ஒரு நிபந்தனையையும் கொண்டுவந்தது.

வண்டி சாய்ந்தால் மெல்லிய சரிவுள்ள குழாயில் திரவம் தேங்கும். சுடர் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். கரைசல் திரும்பி வராத கொதிகுழாய் அளவுக்கு மீறிச் சூடாகும். எஃகுக் குழாய் துருப்பிடிக்காமல் இருக்கக் கரைசலில் சேர்த்திருக்கும் சோடியம் குரோமேட் அந்தச் சூட்டில் பிரிந்து, குழாய்க்குள் படிந்து அடைக்கும். படிந்தது மறுபடி கரையாது. ஒவ்வொரு முறை சாய்வாக நிறுத்தும்போதும் சிறிது சிறிதாக அடைப்பு கூடும். கெட்டுவிட்டது என்று தெரியவரும் நாளில் குளிரூட்டும் பகுதியை முழுதாக மாற்றுவதைத் தவிர வழியிருக்காது. குழாய் வெடித்தால் அம்மோனியா நெடி வண்டிக்குள் பரவும். உள்ளிருக்கும் ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு. அருகிலேயே சுடர் எரிகிறது. இத்தகைய பெட்டியில் தொடங்கிய தீ வண்டியையே எரித்ததும் உண்டு.

ஓடும்போது இந்தச் சிக்கல் இல்லை. சாலையின் ஏற்ற இறக்கத்தில் சாய்வு நொடிக்கு நொடி மாறுவதால் திரவம் ஓரிடத்தில் தேங்காது. நின்ற வண்டிக்குத்தான் ஆபத்து.

பழைய பெட்டிகளில் உறைதட்டின் மீதே சிறு வட்ட ரசமட்டத்தை வைத்துக் குமிழைப் பார்ப்பார்கள். பின்னாளில் வடிவமைப்பு மேம்பட்டு, பொதுவாக இடவலமாக 3 பாகையும் முன்பின்னாக 6 பாகையும் வரை சாய்வு ஏற்கப்பட்டது. இங்கே ஒரு குழப்பம் உண்டு. இடவலம் என்பது பெட்டியின் முன் நின்று பார்ப்பவரின் இடவலம். பெட்டி வண்டியின் பக்கச் சுவரை ஒட்டி இருந்தால் அது வண்டிக்கு முன்பின்னாக அமைந்துவிடும். கண்டிப்பான எல்லை எந்தத் திசைக்கு என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள் பலர்.

வேலை நடக்கும் விதம்

ரசமட்டம் பழைய கருவி. பிரான்சின் மெல்கிசெதெக் தெவெனோ 1661 வாக்கில், திரவம் நிறைந்த கண்ணாடிக் குழாயில் ஒரு காற்றுக் குமிழை விட்டு இதை அமைத்தார். இழுவை வீட்டில் இரண்டு மட்டங்களை ஒட்டியிருப்பர், முன்புறம் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும்.

வேலையின் வரிசை மாறக்கூடாது. முதலில் இடவலம். கார் இன்னும் பூட்டியிருக்கும்போதே, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு முன் பலகையை வைத்து வண்டியை அதன் மேல் ஏற்ற வேண்டும். இரண்டு அச்சுள்ள வண்டியானால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களும் ஏற வேண்டும். டயரின் அகலம் முழுவதும் பலகையில் பதிய வேண்டும். சக்கரங்களுக்கு இடையே 2 மீட்டர் அகலம் என்றால் ஒரு பாகைச் சாய்வுக்கு 3.5 செ.மீ. உயர்த்த வேண்டும். அமெரிக்க மரக்கடைகளில் ‘இரண்டு அங்குலம்’ என்று விற்கப்படும் பலகையின் உண்மைத் தடிமன் 3.8 செ.மீ. ஆகவே பலகைக்கு ஒரு பாகை என்ற கணக்கு ஏறக்குறையச் சரியாக வருகிறது.

அடுத்து, சக்கரங்களின் இருபுறமும் தடுப்புக் கட்டை வைத்த பிறகே காரைக் கழற்ற வேண்டும். சரிவில் இதை மறந்தவர்களின் வண்டி தானாக உருண்டிருக்கிறது. நம் மாட்டு வண்டியில் மாட்டை அவிழ்த்ததும் ஏர்க்காலுக்கு முட்டுக் கொடுப்பது போல, இழுவை வீட்டின் முன்முனையிலும் ஒரு ஜாக்கி தாங்கும். அதை ஏற்றி இறக்கி முன்பின் மட்டத்தைச் சரிசெய்யலாம். இடவலச் சாய்வை அந்த ஜாக்கியால் மாற்ற முடியாது. இடவலத்தை முதலில் முடிப்பது அதனால்தான்.

கடைசியாக நான்கு மூலைகளிலும் தாங்கு கால்களை இறக்குவர். இவை ஆட்டத்தை நிறுத்துவதற்கானவை, வண்டியைத் தூக்குவதற்கானவை அல்ல. இவற்றால் தூக்க முயன்றால் அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு மூடாமல் போகும்.

சாய்ந்து நின்ற வண்டியின் அவலத்தை உலகம் முழுவதும் பார்த்துச் சிரித்தது 1954இல். வின்சென்ட் மினெல்லி இயக்கிய ‘தி லாங் லாங் டிரெய்லர்’ திரைப்படத்தில், புதுமணத் தம்பதியின் நீண்ட வண்டி இரவில் காட்டுச் சேற்றில் சரிந்து நிற்கும். கணவன் ஜாக்கியோடு போராட, லூசில் பால் நடித்த மனைவி படுக்கையிலும் நிற்க முடியாமல், தரையிலும் நிற்க முடியாமல் கடைசியில் சேற்றில் விழுவார்.

பெட்டி மாறியபின்

இன்று ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளும், வண்டி ஏற ஏறச் சிறிது சிறிதாக உயர்த்தும் வளைந்த ஆப்புகளும் மரப்பலகையின் இடத்தைப் பிடித்துள்ளன. வண்டியில் பொருத்திய உணரி, எந்தப் பக்கம் எத்தனை அங்குலம் உயர்த்த வேண்டும் என்று ஓட்டுநரின் கைப்பேசிக்குச் சொல்கிறது. விலையுயர்ந்த வண்டிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஹைட்ராலிக் கால்கள் தாமே மட்டம் பார்த்து நிற்கின்றன.

கருவிகள் இவ்வளவு முன்னேறிய இதே காலத்தில் பழைய காரணம் விலகிக்கொண்டிருக்கிறது. லித்தியம் மின்கலமும் கூரைச் சூரியத் தகடும் மலிவானதால், 12 வோல்ட் மின்சாரத்தில் கம்ப்ரசரால் இயங்கும் குளிர்பெட்டிகளே புதிய வண்டிகளில் அதிகம் வருகின்றன. மோட்டார் தள்ளிவிடும் திரவம் புவியீர்ப்பை நம்பி இருப்பதில்லை. எரிவாயுப் பெட்டி தாங்காத சாய்வை இது தாங்கும். பழைய வண்டி வைத்திருப்பவருக்கு 3 பாகை எல்லை இன்னும் செல்லும். புதிய வண்டிக்காரர் குளியல் நீர் வடிவதற்காகவும், பக்கவாட்டில் நீளும் அறை சிக்காமல் நகர்வதற்காகவும், தலை கீழாகச் சரியாமல் தூங்குவதற்காகவும் மட்டம் பார்க்கிறார். அவருக்கு அரைப் பாகை கூடக்குறைய இருந்தால் கேடில்லை. ஆயினும் அவர் கைப்பேசியில் குமிழ் நடுவே வரும்வரை விடுவதில்லை.