கோயம்புத்தூர் தாயியின் மூன்று நிமிடம்

ஆடிக் கிருத்திகை முடிந்து ஊர் அடங்கிவிட்டது. மூன்று நாளாக ஒலிபெருக்கி ஓயவில்லை. நகரி, புத்தூர் பக்கத்துக் காவடிகளுக்குத் தெலுங்குப் பாட்டு, நமக்குத் தமிழ்ப் பாட்டு. அது நின்ற மறுநாள் பேரன் தன் கைபேசியில் ஒரு பழைய இசைத்தட்டைப் போட்டுக் காட்டினான். ஓட்டுக் கூரையில் மழை பெய்வது போல் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல். கோயம்புத்தூர் தாயி!

சாவி கொடுத்துக் கிராமபோன் கேட்டவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கிறோம். ஆனால் அந்தத் தட்டுகளில் எப்படிப் பதிந்தார்கள் என்று நான் வெகுநாள் யோசித்ததில்லை. மைக் கிடையாது, மின்சாரமும் கிடையாது. ஒரு பெரிய புனலின் வாய்க்கு நேரே நின்று உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வு ஓர் ஊசியை ஆட்டும், ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும். ஏறக்குறைய மூன்று நிமிடந்தான். தப்பிப் போனால் வேறு மெழுகில் முதலிலிருந்து பாட வேண்டும். 1925 வாக்கில் மின்பதிவு வரும்வரை இதே கதைதான். 1908-இல் கல்கத்தா சியால்டாவில் தொழிற்சாலை வரும்வரை, நம் ஊர்ப் பாட்டு ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த்தான் தட்டாகி வந்தது.

குரல் போய்விடும், ஆயுள் குறையும் என்று வித்வான்கள் பலர் தயங்கினார்கள் என்பார்கள். துணிந்தவர்கள் பெண்கள். கல்கத்தாவில் 1902-இல் கௌஹர் ஜான், நம் பக்கம் சேலம் கோதாவரி, தாயி போன்றவர்கள். சபை மேடைகள் இவர்கள் குலத்துக்கு மெல்ல மூடிக்கொண்டிருந்த காலம் அது. புனல் ஜாதி கேட்கவில்லை.

தாயியின் இயற்பெயர் பழனிக்குஞ்சரம். 1872-இல் பிறந்து 1917-இல் மறைந்தவர். சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தவர். அவர் பாடிய தட்டுகளில் வள்ளலாரின் அருட்பாவும் உண்டு. பக்கத்து ஏழுகிணற்றில், வீராசாமிப் பிள்ளை தெரு வீட்டில்தானே வள்ளலார் கண்ணாடியில் நம் தணிகை முருகனைக் கண்டார்!

இனி நான் சொல்ல வந்த விஷயம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ரவேல் என்ற பெரிய இசைமேதையின் பெயரை வாத்தியார் வாயால் கேட்டிருக்கிறேன். அவருடைய மாணவர் மொரீஸ் துலாழ். அவர் 1912 வாக்கில் இந்தியாவைச் சுற்றிவிட்டு, நம் தட்டுகளோடு பாரீசுக்குத் திரும்பினார். 1914 ஜனவரியில் அவருடைய 'நான்கு இந்துக் கவிதைகள்' அங்கே அரங்கேறின. மதராஸ், லாகூர், பெனாரஸ், ஜெய்ப்பூர் என்று நான்கு தலைப்பு. (லாகூர்ப் பாட்டின் வரிகள் ஜெர்மானியர் ஹைனேயுடையவை, போகட்டும்.) 'ராகமாலிகா' என்ற இன்னொன்றோ, தாயியின் அருட்பாத் தட்டைக் கேட்டுக் கேட்டு, ஏறக்குறைய அப்படியே பியானோவோடு எழுதியது. மிருதங்கத்துக்கு என்ன செய்வது? ஒரு கட்டையின் தந்திக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொன்னார். கால் நூற்றாண்டு கழித்து அமெரிக்கர் ஜான் கேஜ் பியானோவுக்குள் திருகாணி, போல்ட் எல்லாம் செருகியபோது உலகம் அதைப் புதுமை என்றது.

இந்த துலாழ் பெயரையோ தாயி பெயரையோ என் பள்ளியில் ஒருவரும் உச்சரித்ததில்லை. குறை சொல்ல எனக்கும் வாயில்லை. எங்கள் அத்தை வீட்டுப் பரணில் இரண்டு மரப்பெட்டி நிறையத் தட்டுகள் இருந்தன. வேலை கிடைத்து வீட்டைக் காலி செய்தபோது அவற்றைப் பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போட்டவன் நான். லேபிள்களைக்கூடப் படிக்கவில்லை. கோப்பில் ஒரு தாள் குறைந்தால் நாள் முழுக்கத் தேடும் குமாஸ்தாவாகப் பின்னால் ஆனவன்!

பேரன் பிரெஞ்சுப் பாட்டையும் தேடிப் போட்டான். நடுவே ஓரிடத்தில் பியானோவிலிருந்து நாதம் இல்லாமல் 'தொம், தொம்' என்று வந்தது. அட்டைதான். "என்ன தாத்தா, கெட்டுப்போன பியானோவா?" என்றான். இல்லையடா என்று முதல் தட்டை மறுபடி போடச் சொன்னேன். இரைச்சலுக்கு அடியில், புனலுக்கு எட்டாத தூரத்தில், யாரோ ஒருவர் மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்தார்.