கன்னத்தில் பிடித்ததும் தோளில் பிடித்ததும்

மட்டாஞ்சேரி அரண்மனையைச் சுற்றுலாப் பயணிகள் ‘டச்சு அரண்மனை’ என்றே அழைக்கின்றனர். அதைக் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர். டச்சுக்காரர் பின்னாளில் பழுதுபார்த்தவர்களே. துப்பாக்கிகளின் வரலாற்றிலும் இத்தகைய பெயர்க்குழப்பம் உண்டு. ‘போர்த்துக்கீசியத் துப்பாக்கி’ என்று பொதுவாகக் குறிக்கப்படும் திரித் துப்பாக்கிகளுள் கோவாவில் உருவான வகையின் பின்கட்டை மிகக் குட்டையானது. தோளில் அன்று, கன்னத்தில் பதித்துச் சுடுவதற்கானது அது. 1543இல் தனெகாஷிமாத் தீவுக்குச் சென்ற அவ்வமைப்பை ஜப்பானியர் மூன்று நூற்றாண்டுகள் கைவிடவில்லை. தோள் தாங்காத பின்னுதைப்பைக் குழலின் எடையே பெரும்பாலும் தாங்கியாக வேண்டும். ஆகவே அது முன்கனம் மிக்க கருவி. கொச்சியின் வாயில்வரை படையுடன் வந்த திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணப் பட்டறைகளோ, ஐரோப்பிய முறையில் தோளுக்குரிய கட்டை பொருத்திய வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்தன.

ரவைத் துப்பாக்கியில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையடைகிறது. ரைபிளைப் போல இதைக் குறிவைத்து நிறுத்திச் சுடுவதில்லை; பறக்கும் இலக்கோடு சேர்த்து வீசிச் சுடுகிறோம். பின்குறி கிடையாது, சுடுபவரின் கண்ணே பின்குறி. கட்டை அரை அங்குலம் நீண்டாலும் கண் இடம் மாறிவிடும்.

பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் 1875இல் உருவான ஆன்சன்–டீலி அமைப்பு, குதிரைகளை உள்ளே மறைத்தது. பக்கவாட்டு இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி, 12 போரில், ஏறத்தாழ 3 கிலோ. எடை இரு கைகளுக்கு இடையில் திரண்டிருப்பதால் விரைந்து எழும். அதே விரைவில் பாதியில் நின்றும் விடும். மேல்கீழ் இரட்டைக்குழல் (பிரௌனிங் வடிவம் 1931இல் விற்பனைக்கு வந்தது) களிமண் தட்டு சுடும் போட்டிகளுக்கென நீண்ட குழலுடன் 3.5 கிலோவைத் தாண்டும். தொடங்கச் சற்றே தாமதிக்கும். தொடங்கியபின் சீராக ஓடும். 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வென்ற பிகானேரின் கர்ணி சிங் முதல், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் சுட்ட புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் வரை, அரச குடும்பங்களின் துப்பாக்கிப் பழக்கம் தட்டு சுடும் களத்தில் தொடர்வதைக் காண்கிறோம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அதற்கு வேறு இடமும் இல்லை, அது நன்மையே.

என் மனக்குறை வேறு. அருங்காட்சியக அட்டைகள் நீளம், விட்டம், வெள்ளி வேலைப்பாடு ஆகியவற்றைக் கூறுகின்றன. எடை கூடப் பல வேளைகளில் இராது. அலங்காரம் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைக் காட்டும்; எதற்காகச் செய்யப்பட்டது என்பதைக் கையாளும் தன்மைதான் காட்டும். பறவைக்கா, படைக்கா, அரசவைப் பரிசுக்கா என்ற கேள்விக்கு முன்கனம் ஒரு சான்று.

சமநிலைப் புள்ளி மட்டும் போதாது. நடுவில் மூட்டை கட்டிய தண்டும், இரு முனைகளிலும் சுமை கட்டிய காவடித் தண்டும் ஒரே புள்ளியில் நிற்கும். திருப்பிப் பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும். சம நீளமுள்ள இரு நூல்களில் துப்பாக்கியைக் கிடையாகத் தொங்கவிட்டுச் சற்றே முறுக்கி விட்டு, அசைவின் காலத்தை அளந்தால் அதையும் எண்ணாகப் பெறலாம். காப்பாளர் இசைவு தந்தால் அரைமணி நேர வேலை.